பாஸ் பெயில் இல்லாத பரீட்சை

நிஷாந்தினி டீச்சரின் ஞாயிறு வகுப்புக்கு முதல் தடவை வருகிறவர்கள் வாசலிலேயே கொஞ்சம் குழம்பிப் போவார்கள். படிக்க வருபவர்கள் உயர்தரப் பரீட்சை முடித்து, பல்கலைக்கழகம் தொடங்கும்வரை வீட்டில் காத்துக் கிடக்கும் பிள்ளைகள். ஆனால் டீச்சர் முதலில் கேட்பது, "அம்மா அப்பா வரலையா?" என்றுதான். வரவில்லை என்றால் அவள் முகம் வாடிவிடும்.

"அடுத்த கிழமை கூட்டிட்டு வாங்க. ஒங்கள விட அவங்களுக்குத்தான் இந்த வகுப்பு அவசியம்" என்பாள்.

வகுப்பு நடப்பது கண்டிக்குப் பக்கத்தில் கட்டுகஸ்தோட்டையில், ஒரு வாசிகசாலையின் மேல்மாடியில். மற்ற நாட்களில் அவள் கம்பளைக்குப் பக்கத்துப் பாடசாலை ஒன்றில் ஆங்கிலம் படிப்பிக்கிறாள். கணவன் ரவிகுமார் கம்பளை பஸ் நிலையத்துக்குக் கிட்ட ஃபோன் திருத்தும் கடை வைத்திருக்கிறான். ஞாயிற்றுக்கிழமையாவது வீட்டில் இரேன் என்று தொடக்கத்தில் சொல்லிப் பார்த்தவன், இப்போது அவளுக்கு ஒரு ஸ்பீக்கர் பெட்டியைத் திருத்திக் கொடுத்து, அதைத் தூக்கிக்கொண்டு பஸ் வரைக்கும் வருகிறான்.

பல்கலைக்கழகத்துக்குள் போனதும் முதல் வேலையாக ஆங்கிலத்தில் ஒரு பரீட்சை வைப்பார்கள். பிளேஸ்மென்ட் டெஸ்ட் என்று பெயர். யாருக்கு எவ்வளவு தெரியும் என்று பார்த்து, அதற்கேற்ற வகுப்பில் போடுவதற்காக வைப்பது. அதில் பாஸும் கிடையாது, பெயிலும் கிடையாது. இந்த ஒரு விஷயத்தைப் பெற்றோருக்குப் புரிய வைப்பதற்குள் டீச்சருக்குத் தொண்டை காய்ந்துவிடும். ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் பரீட்சை தொடங்கி உயர்தரம் வரைக்கும் ஒரு புள்ளி குறைந்தாலும் வெளியே தள்ளும் வெட்டுப்புள்ளிக்குப் பயந்து பயந்தே பிள்ளை வளர்த்தவர்கள் அவர்கள். யாரையும் வெட்டாத ஒரு பரீட்சை இருக்கிறது என்றால் எப்படி நம்புவார்கள்?

நிஷாந்தினியே ஒரு காலத்தில் நம்பவில்லை.

அவள் பிறந்து வளர்ந்தது ஹுன்னஸ்கிரிய பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்தில். அப்பா சின்ன வயதிலேயே தவறிவிட்டார். அம்மா வீரம்மா கொழுந்து பறித்துத்தான் மகளைப் படிக்க வைத்தாள். அந்தத் தோட்டத்திலிருந்து பல்கலைக்கழகத்துக்குத் தெரிவான முதல் பெண்பிள்ளை நிஷாந்தினிதான். கிழக்குப் பக்கத்தில் ஒரு பல்கலைக்கழகம் கிடைத்தது. புறப்பட்ட அன்று கோயிலில் பூசை வைத்து, மாலை போட்டு, பஸ் வரைக்கும் கூட்டமாக வந்து ஏற்றிவிட்டார்கள்.

போன புதிதில் அந்தப் பரீட்சை வந்தது. ஒலிப்பதிவைக் கேட்டு விடை எழுத வேண்டும். பேசியவரின் ஆங்கிலம் அவளுக்கு ஒரே இரைச்சலாகக் கேட்டது. இரண்டொரு நாள் கழித்து ஒருவர் மேடையில் நின்று குழு குழுவாகப் பெயர் வாசித்தார். கடைசிக் குழுவில்தான் அவள் பெயர் வந்தது. அதற்குப் பிறகு அவர் என்னென்னவோ விளக்கினார், அதுவும் ஆங்கிலம்தான். நிஷாந்தினிக்குக் கடைசி என்பது மட்டும்தான் புரிந்தது. யாரிடமும் கேட்கவில்லை. விடுதிக்குப் போனாள், பையைக் கட்டினாள், மஹியங்கனைக்கு வந்து கண்டி பஸ்ஸில் ஏறிவிட்டாள். மலைப்பாதையின் பதினெட்டு வளைவிலும் பஸ் திரும்பித் திரும்பி மலையேற ஏற, மாலை போட்டு அனுப்பியவர்களின் முகத்தில் எப்படி விழிப்பது என்ற ஒரே நினைப்புத்தான்.

வீரம்மா வாசலில் மகளைப் பார்த்ததும், "லீவாம்மா?" என்றாள்.

"இல்லம்மா. பெயிலாயிட்டேன். அனுப்பிட்டாங்க."

யாரும் அனுப்பவில்லை. ஆனால் அவள் அப்படித்தான் நம்பினாள். அம்மாவும் அப்படியே நம்பினாள். திட்டவில்லை, அழவில்லை. சோறு போட்டுக் கொடுத்துவிட்டுக் கொஞ்ச நேரம் மகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். மறுநாள் கொழுந்து பறிக்க மலைக்குப் போனவள், கேட்டவர்களிடமெல்லாம், புள்ளைக்குக் காய்ச்சல், ஓய்வுக்கு வந்திருக்கு என்று சொல்லிவிட்டாள். தன் வாழ்நாளில் வீரம்மா பொய் சொல்லி நிஷாந்தினி கேட்டது அந்த ஒரு தடவைதான்.

ஒரு கிழமை போயிருக்கும். விடுதியில் அவளோடு ஒரே அறையில் இருந்த தர்ஷிகா, யாழ்ப்பாணத்துப் பிள்ளை, ஃபோன் பண்ணினாள்.

"எங்கயப்பா போனனீர்? வகுப்புத் தொடங்கிட்டுது. ஒவ்வொரு நாளும் உம்மட பேரக் கூப்பிட்டுப் பாக்கினம்."

"நான்தான் பெயிலாச்சே, தர்ஷிகா."

"ஆர் சொன்னது? நானும் அந்தக் கடைசிக் குறூப்தான். அது சும்மா வகுப்புப் பிரிக்கிற சோதனையப்பா. ஒருத்தரையும் அனுப்பேல்ல. நாளைக்கே வெளிக்கிட்டு வாரும்."

ஃபோனை வைத்ததும், ஒரு கிழமையாக வராத அழுகை அப்போதுதான் வந்தது. விஷயத்தைக் கேட்ட வீரம்மா வாயில் கை வைத்துக்கொண்டாள்.

"ஏன்டி, அங்கேயே யார்கிட்டயாச்சும் ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்ல?"

"தோணலம்மா."

"எனக்கும் தெரியாமப் போச்சே. இப்படின்னு தெரிஞ்சிருந்தா அன்னிக்கே அடுத்த பஸ்ஸுல ஏத்தி விட்டிருப்பேனே."

நிஷாந்தினி திரும்பிப் போனாள். கடைசிக் குழுவில் உட்கார்ந்து ஆங்கிலத்தை அடியிலிருந்து படித்தாள். அதுவே பிடித்துப்போய், பிறகு ஆங்கில ஆசிரியையாகவே ஆனாள். ஆனால் அம்மா சொன்ன அந்த வார்த்தை அவளை விடவில்லை. தெரிஞ்சிருந்தா ஏத்தி விட்டிருப்பேனே. பிள்ளைகளைத் தயார்படுத்த எத்தனையோ பேர் இருக்கிறார்கள், வீட்டிலிருப்பவர்களைத் தயார்படுத்த யார் இருக்கிறார்கள் என்று யோசித்துத்தான், பல வருடம் கழித்து, இந்த ஞாயிறு வகுப்பைத் தொடங்கினாள்.

போன வருடம் அந்த வகுப்புக்கு மடவளையிலிருந்து ஜஹானா வந்தாள். வர்த்தகப் பிரிவில் நல்ல பெறுபேறு எடுத்த பிள்ளை. கூட்டி வந்தவர் அவளுடைய வாப்பா ஹபீல். மடவளையில் ஹாட்வெயார் கடை வைத்திருப்பவர். நாலு பேர் மதிக்கிற மனிதர்; ஊருக்கே அவர் ஹபீல் நானா, அதாவது அண்ணன். கதிரையில் உட்காரும் முன்பே சொல்லிவிட்டார்:

"டீச்சர், மகள் மேல் குரூப்ல வரணும். எங்கட மச்சான்ட மகன் மேல் குரூப்தான். இவ கீழ போனா எனக்கு வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகைக்குப் பெய்த்து நாலு பேர்ட மூஞ்சியப் பாக்க ஏலா."

"நானா, அது அப்படிப்பட்ட டெஸ்ட் இல்லீங்க. எந்த வகுப்பு பொருத்தம்னு பாக்கிறதுதான்..."

"அதெல்லாம் சரி டீச்சர். மேல் குரூப்."

ஜஹானா அதிகம் பேசாத பிள்ளை. முதல் பயிற்சியில் பிள்ளைகளைத் தங்களைப் பற்றி ஆங்கிலத்தில் ஒரு பந்தி எழுதச் சொன்னபோது, அவள் ஒரு பிழைகூட இல்லாமல் ஒரு பக்கம் எழுதித் தந்தாள். படித்துப் பார்த்த நிஷாந்தினிக்குத் தூக்கிவாரிப் போட்டது. குளிர்காலத்தில் கூரையெல்லாம் வெண்பனி மூடுவதையும், தான் சறுக்கி விளையாடுவதையும் பற்றி அந்தப் பிள்ளை எழுதியிருந்தாள்.

"மகள், மடவளையில எப்பம்மா பனி கொட்டிச்சு?"

ஜஹானா தலையைக் குனிந்துகொண்டாள். டவுனில் ஒரு ரியூஷன் மாஸ்டர் இப்படி ஆயத்தப் பந்திகள் விற்கிறாராம். வாப்பா வாங்கிக் கொடுத்திருக்கிறார். தினமும் ஒன்று மனப்பாடமாக்க வேண்டும்.

"வெளங்குதோ இல்லையோ பாடமாக்கு, எப்படியாலும் டெஸ்ட்ல ஒண்டு வரும்னு வாப்பா சொன்ன, மிஸ். கேட்டு எழுதுற பகுதிதான் எனக்கு ஏலாமப் போகுது. போன கிழமை மாஸ்டர் வச்ச டெஸ்ட்ல அதுல புள்ளி கொறஞ்சதுக்கு வாப்பா என்னோட பேசியே இல்ல."

நிஷாந்தினிக்குக் கோபம் வந்தது. பிள்ளையின் மேல் இல்லை. அந்தக் கோபத்தில்தான் அவளுக்கு அந்த யோசனை தோன்றியது. அடுத்த பெற்றோர் கூட்டத்தில் பேச்சு வேண்டாம். பெரியவர்களையே மேசை முன்னால் உட்கார வைத்து, அதே பரீட்சையைக் கொடுத்துப் பார்ப்போம். பிள்ளைகள் படுகிற பாடு அப்போதாவது தெரியட்டும். பெரியவர்கள் என்று அவள் சொல்லிக்கொண்டாலும், மனதில் நின்ற முகம் ஹபீலுடையதுதான்.

கூட்டத்தன்று ஸ்பீக்கர் பெட்டியில் ஆங்கில அறிவிப்பு ஒன்றை ஓடவிட்டாள். ஆளுக்கொரு தாளும் பேனையும் கொடுத்திருந்தாள். தொடக்கத்தில் எல்லோருக்கும் அது பெரிய வேடிக்கையாக இருந்தது.

"டீச்சர், எனக்கு குட்மோர்னிங் மட்டுந்தான் வெளங்குச்சு. அதுக்கு ஒரு மார்க் போடுங்க" என்றாள் கம்பளையிலிருந்து வந்திருந்த ஒரு தாய். மண்டபம் சிரித்தது. டீச்சரும் சிரித்தாள்.

ஹபீல் முன்வரிசையில் இருந்தார். பேனையின் மூடியைக்கூட அவர் கழற்றவில்லை. ஒலிப்பதிவு முடிந்ததும், உங்கள் பெயரையும் தொழிலையும் ஆங்கிலத்தில் ஒரு வரி எழுதுங்கள் என்றாள் நிஷாந்தினி. எல்லோரும் குனிந்தார்கள். ஹபீல் மட்டும் நிமிர்ந்தபடியே இருந்தார். பக்கத்தில் இருந்த மடவளைக்காரர் ஒருவர் எட்டிப் பார்த்துவிட்டு, விளையாட்டாகத்தான் சொன்னார்:

"என்ன ஹபீல் நானா, வெறுந் தாளாவே ஈக்குது? கட போர்டுல உள்ளதையாவது பாத்து எழுதினா என்ன?"

பின்னாலிருந்து இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். ஹபீல் தாளை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். "கடைக்கு லொறி வார நேரம்" என்று யாருக்கும் இல்லாமல் பொதுவாகச் சொல்லிவிட்டு எழுந்து நடந்தார். வெளி விறாந்தையில் பிள்ளைகள் காத்து நின்றார்கள். ஜன்னல் வழியாக ஜஹானா எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள் என்பது நிஷாந்தினிக்கு அப்போதுதான் தெரிந்தது.

அடுத்த ஞாயிறு ஜஹானா வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் இல்லை. இடையில் அவளுடைய உம்மா ருக்கியா ரகசியக் குரலில் ஃபோன் பண்ணினாள்.

"டீச்சர், அவர் வகுப்பு வேணாம்னு சொல்லிட்டார். மகள் சாப்பாட்டுக்கு மட்டும் வெளிய வாரா. வாப்பாவும் மகளும் ஒருத்தருக்கொருத்தர் பேசுறதில்ல. எனக்கு என்ன செய்யன்னு வெளங்குதில்ல."

நிஷாந்தினி அன்றிரவு ரவிகுமாரிடம் முழுக் கதையையும் சொன்னாள். அவன் ஒரு ஃபோனின் முதுகைக் கழற்றிக்கொண்டே கேட்டுவிட்டு, "அந்த மனுசனுக்குப் பாடம் படிச்சுக் குடுக்கத்தானே நெனச்ச?" என்றான். அவளுக்குச் சுருக்கென்றது.

மறுநாள் பாடசாலை விட்டதும் நேரே மடவளைக்குப் பஸ் ஏறினாள். கடையில் கூட்டம் இல்லை. ஹபீல் அவளைப் பார்த்ததும் எழுந்து ஒரு கதிரையை இழுத்துப் போட்டார்; உள்ளே பிளேன்டீக்குச் சொன்னார். மரியாதையில் குறை வைக்கவில்லை, ஆனால் முகம் இறுகியிருந்தது.

"நானா, நான் மன்னிப்புக் கேக்க வந்தேன்" என்றாள் நிஷாந்தினி.

அவர் எதிர்பார்க்கவில்லை. "என்னத்துக்கு டீச்சர்?"

"புள்ளைங்க கஷ்டம் ஒங்களுக்கெல்லாம் தெரியணும்னு நெனச்சேன். ஆனா அது ஒங்களுக்கு எப்படி இருக்கும்னு நான் நெனச்சே பாக்கல. அப்படிச் செஞ்சிருக்கக் கூடாது."

ஹபீல் தானும் ஒரு கதிரையை இழுத்து எதிரே உட்கார்ந்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்:

"நான் எட்டாம் வகுப்போட நிண்டவன். வாப்பா படுக்கையில விழுந்தார், கடையப் பாக்க வேற ஆள் இல்ல. இங்க வார சாமான் எல்லாத்திலயும் இங்கிலீஸ்தான். பெட்டிட நெறத்தப் பாத்து, படத்தப் பாத்துத்தான் எடுத்துக் குடுக்கிற. கஸ்டமருக்குத் தெரியாது. மகளுக்கும் தெரியாது. அண்டைக்கு ஜன்னலுக்குள்ளால அவ பாத்துட்டா டீச்சர். அவட முகத்தப் பாக்க எனக்கு ஏலாம ஈக்குது. அதான் வகுப்பு வேணாம்னு சொன்ன. வேற கோவம் ஒண்டும் இல்ல."

நிஷாந்தினி ஆறுதல் சொல்லப் போகவில்லை. தன் கதையைச் சொன்னாள். பெயர் வாசித்ததையும், பை கட்டியதையும், யாரும் அனுப்பாமலே அனுப்பிவிட்டார்கள் என்று நம்பி வீட்டுக்கு வந்து விழுந்ததையும் சொன்னாள். ஹபீல் தேநீரைக் கையில் வைத்தபடி குடிக்காமல் கேட்டுக்கொண்டிருந்தார்.

"ஒங்கட உம்மா ஏசல்லயா?"

"இல்ல நானா. அவங்க ஏசாததாலதான் ஃபோன் வந்ததும் நான் அழுதுட்டு உண்மையச் சொன்னேன். ஏசியிருந்தா வெக்கத்துல ஏதாச்சும் பொய் சொல்லிட்டு அங்கேயே கிடந்திருப்பேன்."

ஹபீல் தேநீரைக் கீழே வைத்தார். நிஷாந்தினி தொடர்ந்தாள்.

"இன்னொண்ணு. நீங்க வாங்கிக் குடுத்த அந்தப் பனிக் கதைய எழுதி ஜஹானா மேல் குரூப்புக்கே போயிட்டான்னு வைங்க. அங்க மத்தவங்க கடகடன்னு பேசுவாங்க. இவ வாயத் தொறக்க முடியாம உக்காந்திருப்பா. ஆறே மாசத்துல எனக்கு இங்கிலீஸே வராதுன்னு முடிவு பண்ணிருவா. கீழ் வகுப்புல போட்டா அவளுக்குத் தேவையானதச் சொல்லிக் குடுப்பாங்க. அதுக்குத்தான் அந்த டெஸ்ட்டே."

இப்போது ஹபீல் அவளை நேரே பார்த்தார். "அப்ப கீழ போனா கெம்பஸ்ல இருந்து வெலக்க மாட்டாங்க?"

"மாட்டாங்க நானா."

"சத்தியமா?"

"சத்தியமா."

முதல் நாளிலிருந்து அவள் திரும்பத் திரும்பச் சொன்னது இதைத்தான். அன்றைக்குத்தான் அது அவர் காதில் ஏறியது. மகள் கீழே போய்விட்டால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள் என்ற பயத்தில்தான் அந்த மனிதர் ஜும்ஆவையும் மச்சான் மகனையும் முன்னால் நிறுத்திப் பேசியிருக்கிறார். நிஷாந்தினிக்கு அது இப்போதுதான் விளங்கியது. தன் அம்மாவுக்கு இருந்த அதே பயம். வீரம்மா பேசாமல் இருந்தாள், இவர் சத்தம் போட்டார், அவ்வளவுதான் வித்தியாசம்.

அடுத்த ஞாயிறு ஜஹானா உம்மாவோடு வந்தாள். ஹபீல் வாகனத்தில் கொண்டுவந்து இறக்கிவிட்டு, மாடிக்கு வராமலே போய்விட்டார். வீட்டில் வாப்பாவும் மகளும் எப்படிப் பேசிக்கொண்டார்கள் என்று நிஷாந்தினி கேட்கவில்லை. ஆயத்தப் பந்திகளை உம்மா அடுப்பில் போட்டுவிட்டதாக மட்டும் ஜஹானா சொன்னாள். சொல்லும்போது அவளுக்குச் சிரிப்பு வந்தது. அந்தப் பிள்ளை சிரித்து நிஷாந்தினி அன்றைக்குத்தான் பார்த்தாள்.

மீதி நாட்களில் இருவரும் கேட்பதில்தான் மினக்கெட்டார்கள். ஒரு சின்னப் பேச்சை ஓடவிட்டு, என்ன விளங்கியது என்று ஜஹானா தமிழில் சொல்வாள். திரும்பவும் ஓடவிட்டு, எந்தச் சொல் பிடிபட்டது என்று பார்ப்பார்கள். எழுதும்போது பிழை வந்தால் வரட்டும், உன் வீட்டைப் பற்றி மட்டும் எழுது என்று டீச்சர் சொல்லிவிட்டாள். பூட்டும் தாழ்ப்பாளும் விற்கும் கடைக்குப் பின்னால் இருக்கும் வீட்டைப் பற்றி அவள் எழுதியதில் பிழைக்குப் பஞ்சமில்லை. ஆனால் ஒவ்வொரு வரியும் அவளுடையதாக இருந்தது.

இப்போது ருக்கியா வரும் பெற்றோர் கூட்டமும் மாறியது. தாளும் பேனையும் போயின. ஒலிப்பதிவை ஓடவிட்டு, விளங்காவிட்டால் என்ன மாதிரி இருக்கிறது என்று மட்டும் கேட்பாள். யாராவது பதில் சொல்வார்கள், யாராவது பேசாமல் இருப்பார்கள். பேசாமல் இருப்பவரை அவள் கிளறுவதில்லை. பிறகு எல்லோருக்கும் ஒரே வேலைதான் கொடுப்பாள்: பரீட்சை முடிந்து பிள்ளை ஃபோன் பண்ணினால், எந்தக் குழு என்பதை முதல் கேள்வியாகக் கேட்காதீர்கள். சாப்பிட்டியா என்று கேளுங்கள்.

பல்கலைக்கழகம் தொடங்கியது. ஜஹானா விடுதிக்குப் போனாள், பரீட்சையும் எழுதினாள். கீழ் வகுப்புத்தான் கிடைத்தது.

செய்தியை ருக்கியா சொன்னாள். மகள் ஃபோனில் சொன்னதும் ஹபீல் சத்தமே போடவில்லையாம். கடையின் பின்பக்கம் போய்க் கொஞ்ச நேரம் நின்றாராம். திரும்பி வந்து, ஃபோனை வாங்கி, "சாப்பிட்டியா?" என்று கேட்டாராம். "அந்தப் பக்கம் மகள் அழுதுட்டா டீச்சர். அவர் ஃபோன என்ட கையில தந்துட்டு வெளிய பெய்த்துட்டார்" என்றாள் ருக்கியா. மச்சானிடம் மட்டும் எந்தக் குழு என்பதை அவர் இன்னும் சொல்லவில்லை. படிக்கிறாள், அல்ஹம்துலில்லாஹ் என்பதோடு நிறுத்திக்கொள்கிறார். அதற்கு மேல் அந்த மனிதரிடம் எதிர்பார்ப்பது நியாயமில்லை என்று நிஷாந்தினிக்கும் பட்டது.

சில மாதங்கள் கழித்து ஒரு சனிக்கிழமை. கம்பளைச் சந்தையில் போஞ்சிக்காய் தெரிந்தெடுத்துக்கொண்டிருந்தவளுக்கு ஃபோன் வந்தது. ஹபீல். அவராக அழைத்தது அதுவே முதல் தடவை.

"டீச்சர், வேலையா ஈக்கிறீங்களா?"

"இல்ல நானா, சொல்லுங்க."

"மகள் லீவுல வந்தீக்கி. கடைக்கு வெள்ளக்காரர் ரெண்டு பேர் வந்தாங்க, சைக்கிள் பூட்டுக்கு. நான் உள்ள கூப்பிட்டேன். அவ வந்து அவங்களோட பேசினா டீச்சர். அவங்களும் சிரிச்சாங்க, இவளும் சிரிச்சா. என்ன பேசினான்னு எனக்கு ஒண்டும் வெளங்கல்ல. பொறகு அவக்கிட்டயே கேட்டேன், என்ன மகள் சொன்னன்னு. சொல்லித் தந்தா."

நிஷாந்தினி கையிலிருந்த போஞ்சியைத் திரும்பப் போட்டுவிட்டுக் கண்ணைத் துடைத்தாள். போஞ்சிக்காய்க்காரி அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, "என்னங்க டீச்சர், வீட்ல ஏதும்...?" என்று பதறினாள்.

"ஒண்ணுமில்ல அக்கா. நல்ல சேதிதான்" என்றாள். பிறகு ஃபோனில், "சொல்லுங்க நானா, கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன்" என்றாள்.